கைராசியா, கைப்பழக்கமா?



வருஷந்தோறும் நடப்பது போலவே, எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்று, முதுநிலை நீட் பரீட்சை என்கின்ற வடிகட்டியில் புகுந்து வெளிவந்த இளம் டாக்டர்கள், கண் வைத்திய மேற்படிப்புக்காகச் சென்னை எழும்பூரிலும், மதுரையிலும், புதுச்சேரியிலும், இன்னும் பல ஊர்களிலும் மூன்று வருஷப் பயிற்சிக்குச் சேருகின்றார்கள். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டிப் பக்கத்து ஜனங்களுக்கு இது எங்கேயோ நடக்கின்ற சங்கதியல்ல. நமக்குக் கண்ணில் ஏதாவது வந்தால் எங்கே போகின்றோம்? முண்டியம்பாக்கத்தில் 2010ஆம் வருஷம் ஏற்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகின்றோம். அல்லது ஏறக்குறைய 40 கிலோ மீட்டர் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் ஜிப்மரிலோ, தவளக்குப்பத்தில் 2003 முதல் நடந்துவரும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலோ வரிசையில் நிற்கின்றோம். இப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிகளில் நம் கண்ணிமையை முதலில் தூக்கிப் பார்ப்பது பெரும்பாலும் பயிற்சியிலிருக்கும் டாக்டர்களே. ஆகையால் அவர்கள் யார், அவர்களுக்குக் கைவந்த வித்தை எங்கிருந்து வந்தது, அதற்காக அவர்கள் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்பது நாம் அறிந்திருக்க வேண்டிய விஷயமாகும்.

இப்படிப் புதிதாய்ச் சேருகின்றவர்களுக்குப் பல இடங்களில் ஒரு வரவேற்பு வைபவம் நடத்துகின்றார்கள். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். கடவுள் வாழ்த்துப் பாடுவார்கள். பிறகு ஒரு பெரிய மனிதர் எழுந்து, நீங்கள் சாதாரண மனிதர்களல்ல, இருண்ட கண்ணுக்கு ஒளி கொடுக்க ஆண்டவன் அனுப்பிய கைகள் என்கின்ற மாதிரியில் பேசுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். காதுக்கு இனிமையாய்த்தான் இருக்கும். ஆனால் அந்த இனிமைக்குள்ளே ஒரு பெரிய புரட்டு உட்கார்ந்திருக்கின்றது. கை ஆண்டவனுடையது என்றால், கை தவறினபோது அந்தத் தவறு யாருடையது?

இதை நாம் வாய்க்கு வந்தபடி கேட்கவில்லை. அன்று விழுப்புரம் ஜில்லாவில் சேர்ந்திருந்து இன்று கள்ளக்குறிச்சி ஜில்லாவாய்ப் பிரிந்துவிட்ட பகுதியில் கடுவனூர் என்று ஒரு கிராமம். 2008 ஜூலை மாதத்தில் அங்கே இலவசக் கண் முகாம் நடந்தது. வந்தவர்களெல்லாம் கூலி வேலை செய்கின்ற ஏழைகள், வயது போனவர்கள். புரை எடுப்பதாகப் பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறுவை முடிந்த பிறகு கண்ணில் கிருமி பற்றிச் சீழ் பிடித்து, 60க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் கண்ணின் பார்வை போயிற்று. மங்கலாகவாவது வாசற்படியைப் பார்த்துக் கொண்டிருந்தவர்கள் அதுவும் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். மத்தியப் புலனாய்வு இலாகா விசாரித்து வழக்கு நடந்து, வெகு காலம் கழித்துத் தண்டனையும் விதிக்கப்பட்டது. அந்த வழக்கு நடவாமலிருந்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? "என் தலையெழுத்து, யாரை நொந்து என்ன செய்ய?" என்றுதான் சொல்லியிருப்பார்கள். குணமானால் சாமி, கெட்டால் தலைவிதி. சாமிக்கும் நஷ்டமில்லை, ஆஸ்பத்திரிக்கும் நஷ்டமில்லை. கண்ணிழந்தவனுக்கு மாத்திரமே நஷ்டம். அறுவைக் கருவியைச் சரியாய்க் காய்ச்சினார்களா, கண்ணுக்குள் விடுகின்ற திரவம் சுத்தமானதா, ஒருவருக்கு அறுவை செய்த கையுறையோடு அடுத்தவரைத் தொட்டார்களா என்று கேட்கவொட்டாமல் செய்வது எதுவோ அதுதான் தலைவிதி. கிருமிக்கு விளக்கு ஏற்றியதும் தெரியாது, வாழ்த்துப் பாடியதும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காய்ச்சின கத்தியும் காய்ச்சாத கத்தியுந்தான்.

நிற்க, கண்ணுக்கும் கடவுளுக்கும் உள்ள சம்பந்தத்தை நமது புராணங்கள் எப்படிச் சொல்லுகின்றன என்று பார்ப்போம். வெகுதூரம் போக வேண்டாம். சுந்தரர் பிறந்ததாகச் சொல்லப்படும் திருநாவலூரும், சிவன் ஓலை காட்டி அவரை அடிமை கொண்டதாகச் சொல்லப்படும் திருவெண்ணெய்நல்லூரும் நமது பக்கத்து ஊர்களே. அந்தச் சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை இரண்டாந்தாரமாய்க் கட்டிக்கொண்டு, உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் நினைவு வந்ததும் புறப்பட்டுவிட்டார். உடனே இரண்டு கண்ணும் போயிற்றாம். பிறகு பாட்டுப் பாடிக் கெஞ்சினாராம். காஞ்சீபுரத்தில் ஒரு கண் வந்ததாம். திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகு மற்றொரு கண் வந்ததாம். தோழர்களே, யோசித்துப் பாருங்கள். ஒரு கண் டாக்டர், நோயாளியின் குடும்பச் சண்டைக்காக அவன் இரண்டு கண்ணையும் பிடுங்கிவிட்டு, "ஒன்றைக் காஞ்சீபுரத்தில் தருகிறேன், இன்னொன்றைத் திருவாரூரில் வந்து வாங்கிக்கொள்" என்று தவணை முறையில் கொடுத்தால் அவரை ஊரில் விட்டு வைப்பார்களா? மெடிகல் கவுன்சில் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்திருக்கும். கடவுள் செய்தால் மாத்திரம் அதற்குத் திருவிளையாடல் என்று பெயர்.

கண்ணப்பர் கதையும் இப்படியே. காளத்தியில் லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வடிந்ததாம். வேடர் குலத்துத் திண்ணன் தன் கண்ணைத் தோண்டி அதிலே அப்பினானாம். திண்ணனுடைய அன்பை நாம் பழிக்கவில்லை. அந்த அன்பைக் கல்லுக்குத் திருப்பிவிட்ட சூழ்ச்சியைத்தான் பழிக்கின்றோம். மூன்று கண்ணுடையவருக்கு ஒரு வேடனுடைய கண் எதற்கு? குருடனாய் உட்கார்ந்திருந்த எந்த மனிதனுக்காவது அந்தக் கண் போய்ச் சேர்ந்ததா? இன்றைக்கும் அம்மன் கோயில் வாசல்களில் வெள்ளித் தகட்டில் கண்மலர் விற்கின்றார்கள். கண்ணில் நோவு வந்தவன் அதை வாங்கி உண்டியலில் போடுகின்றான். சாமிக்கே கண்ணைத் தகட்டில் செய்து ஒட்டுகின்றவன் மனிதன். அந்தச் சாமி மனிதனுக்குக் கண் கொடுப்பது எப்படி? கண்மலர் வாங்கின காசு புதுச்சேரிக்குப் போய்வரப் பஸ் சத்தத்துக்கு ஆகியிருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் நாள். வெள்ளிக்கிழமை வரட்டும், ஆடி போகட்டும் என்று தள்ளிவைத்த நாளில் கண்ணுக்குள் நோய் மேலே மேலே போய்விடுகின்றது.

வைதீகர் உடனே, "ஏன், கண் அறுவையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே நம் சுசுருதர்தானே" என்பார். சரி, சுசுருத சம்ஹிதையில் ஊசியால் குத்திப் புரையை விலக்கும் முறை சொல்லப்பட்டிருப்பது மெய்தான். அந்தக் காலத்துக்கு அது பெரிய அறிவு என்று நாம் தாராளமாய் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் பிறகு நடந்தது என்ன? கேள்வி கேட்டால் பாவம், புத்தகத்தில் உள்ளதை மாற்றினால் பாவம் என்று இருந்த நாட்டில் அந்த ஊசி ஊசியாகவே இருந்துவிட்டது. சென்னைக் கண் ஆஸ்பத்திரித் தலைவராயிருந்த எலியட் என்பவர், ஊர் ஊராய்ச் சுற்றுகின்ற நாட்டு வைத்தியர்கள் ஊசி குத்திக் கெடுத்த கண்களை நூற்றுக்கணக்கில் பரிசோதித்து, 1917இல் லண்டனில் அதைப்பற்றியே விரிவுரை செய்து புத்தகமும் எழுதினார். அந்த வைத்தியன் செய்வது இதுதான்: புரையை வெளியே எடுப்பதில்லை, குத்திக் கண்ணுக்குள்ளேயே பின்பக்கமாய்த் தள்ளிவிடுவான். மறைப்பு விலகினதால் நோயாளிக்கு அந்த நிமிஷமே வெளிச்சம் தெரியும். கூலியை வாங்கிக்கொண்டு, கட்டைப் போட்டு, "சில நாள் கழித்து அவிழ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். கட்டு அவிழ்க்கும்போது கண்ணும் இராது, வைத்தியனும் இரான்.

பிரான்சு தேசத்தில் தாவியேல் என்பவர் புரையைக் கண்ணுக்கு வெளியிலேயே எடுத்துவிடும் முறையை 1740களில் செய்து காட்டினார். சென்னையில் 1819ஆம் வருஷமே கண்ணுக்கென்று தனி ஆஸ்பத்திரி ஏற்பட்டு, பிறகு எழும்பூருக்கு வந்தது. உலகத்திலுள்ள மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் அது ஒன்றாகும். புரை எடுத்த இடத்தில் வேறு லென்ஸ் வைக்கலாம் என்பது எப்படி வந்தது தெரியுமா? யுத்தத்தில் அடிபட்ட விமான ஓட்டிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்து தங்கியும் கண் வீங்கவில்லை என்பதைக் கவனித்த ரிட்லி என்கின்ற லண்டன் டாக்டர், 1949 நவம்பரில் அதே மாதிரிப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். அவர் தொழிலைச் சேர்ந்த பெரிய தலைகளே வெகு வருஷம் அவரை எதிர்த்தார்கள். வேத வாக்கியம் என்று அங்கேயும் சிலர் இருந்தார்கள் போலும்! ஆனால் எதிர்த்தவர்களுக்கும் ரிட்லிக்கும் நடுவே தீர்ப்புச் சொன்னது சாஸ்திரமல்ல, நோயாளியின் கண். வெளிநாட்டில் செய்து வந்ததால் ஏழைக்கு எட்டாதிருந்த அந்த லென்ஸை 1992 முதல் மதுரையில் ஆரோலேப் என்கின்ற ஸ்தாபனம் செய்யத் தொடங்கின பிறகு விலை வெகுவாய் இறங்கிற்று. இன்று நம் கிழவிகள் கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸின் ஜாதகம் இதுவேயாகும். இதில் எந்த இடத்தில் எந்தச் சாமி வந்தது?

ஜனங்கள் சொல்லுகின்ற இன்னொரு வார்த்தை கைராசி. "அந்த டாக்டருக்குக் கைராசி உண்டு, இந்தப் புதுப் பையனுக்கு இன்னும் கைராசி வரவில்லை" என்கின்றார்கள். கைராசிக்காரருக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் போதும். மதுரையில் 1976ஆம் வருஷம் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமி. இளம் வயதிலேயே கீல்வாதம் வந்து அவர் விரல்களெல்லாம் கோணிப்போயின. பிரசவ வைத்தியராக வேண்டுமென்று நினைத்தவர், அது முடியாமல் கண் வைத்தியத்துக்கு வந்தார். கோணிய விரலுக்குத் தக்கபடி கருவியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவை செய்தார். ரேகை பார்க்கின்றவனிடம் அந்தக் கையைக் காட்டியிருந்தால் "இது உருப்படாத கை" என்றிருப்பான். அவர் அரவிந்தரிடம் பக்தியுடையவர், ஆஸ்பத்திரிக்கே அந்தப் பெயரை வைத்தவர் என்பதை நாம் மறைக்கவில்லை. அவர் பக்தி அவரோடு. ஆனால் புரையை எடுத்தது பக்தியல்ல, பழகின விரல். பக்தியே புரையை எடுக்குமென்றால் அவர் 11 படுக்கை போட்டிருக்க வேண்டியதில்லை. 11 பஜனை மடம் கட்டியிருப்பார்.

அந்த விரல் எப்படிப் பழகுகின்றது என்று பாருங்கள். புதிதாய்ச் சேர்ந்த டாக்டரிடம் முதல் நாளே கத்தியைக் கொடுத்துவிடுவதில்லை. மாதக்கணக்கில் விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடிக் கருவி முன்னால் உட்கார்ந்து, நோயாளி மேல் நோயாளியாய்ப் பார்த்து, கருவிழி எது, லென்ஸ் எது, விழித்திரை எது, அதில் நோய் எது என்று கண் பழக வேண்டும். கசாப்புக் கடையிலிருந்து கொண்டுவந்த ஆட்டுக் கண்ணை மேஜையில் பொருத்தி, அதில் வெட்டவும் தைக்கவும் கை பழக வேண்டும். தலைமயிரைவிட மெல்லிய நூலால் தையல். பிறகு பெரிய டாக்டர் அறுவை செய்யும்போது பக்கத்திலிருந்து பார்த்து, பிறகு ஒரு அறுவையில் ஒரே ஒரு படியை மாத்திரம் பெரியவர் முன்னிலையில் செய்து, பிறகு அடுத்த படி, அதன் பிறகே முழு அறுவை. தவறினால் உடனே கையை விலக்கிப் பெரியவர் உட்காருவார். ஒழுங்காய் நடக்கும் இடத்தில் இதுவே முறை.

இங்கே ஒரு நியாயமான பயத்தை நாம் மூடி மறைக்கக் கூடாது. "இவர்கள் கத்தி பழகுவதற்கு ஏழைக் கண்தானா கிடைத்தது?" என்று நம் ஜனங்கள் கேட்கின்றார்கள். கேட்க வேண்டியதுதான். பணக்காரன் பணம் கொடுத்து, பேர் பெற்ற டாக்டரே செய்ய வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொள்ளுகின்றான். ஆகவே உலகத்திலுள்ள கண் டாக்டர்களில் பெரும்பாலோர் தங்கள் முதல் அறுவைகளைப் பழகினது தர்ம ஆஸ்பத்திரிக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் வந்த ஏழைகளின் கண்ணிலேதான் என்பது மறுக்க முடியாத சங்கதி. இதற்காகப் புதிய டாக்டரிடம் கண்ணைக் காட்டாதே என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் இருபது வருஷத்தில் நாட்டில் கண் டாக்டரே இருக்கமாட்டார். நாம் சொல்லுவதெல்லாம் இதுதான்: அது தர்மமல்ல, கடன். ஏழை கண்ணைக் கொடுத்துக் கடன் கொடுத்திருக்கின்றான். டாக்டர் கைப்பழக்கத்தை வாங்கிக்கொண்டு கடன்பட்டிருக்கின்றார். கடன் கொடுத்தவன் கைகட்டி வாய்பொத்தி நிற்பதும், கடன் வாங்கினவர் "நான் இலவசமாய்ச் செய்கிறேன்" என்று மார்தட்டுவதும் தலைகீழ் நியாயம். அறுவை யார் செய்யப்போகின்றார், பெரிய டாக்டர் கூட இருப்பாரா, என்ன கெடுதல் வரலாம் என்று கேட்க முண்டியம்பாக்கத்து வரிசையில் நிற்கின்ற கோவணாண்டிக்கும் உரிமை உண்டு. கேட்டால் சிடுசிடுக்காமல் தமிழில் பதில் சொல்ல டாக்டருக்குக் கடமை உண்டு.

இந்தக் கடனை நினைவூட்டுவதாய் ஒரு பிரமாணம் வேண்டுமென்றால் செய்யட்டும். ஆனால் என்ன பிரமாணம் செய்ய வைக்கப் பார்த்தார்கள்? 2022ஆம் வருஷம் மத்திய சர்க்காரின் தேசிய மருத்துவக் கமிஷன், இதுவரை எடுத்துவந்த ஹிப்போகிரேட்ஸ் பிரமாணத்துக்குப் பதிலாக 'மகரிஷி சரக சபதம்' எடுக்கலாமென்று சிபாரிசு செய்தது. அவ்வருஷம் ஏப்ரல் 30ந் தேதி மதுரை மருத்துவக் கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்த மாணவர்கள் அதை எடுக்க, ஒரே கூச்சலாகி, டீன் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டு, சில நாளில் மறுபடியும் அதே பதவிக்கு வந்தார். சின்னப் பிள்ளைகள், இணையத்தில் இருந்ததை எடுத்துப் படித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சபதத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். பெண்ணுக்கு வைத்தியம் செய்வதானால், முக்கியமாய் ஆண் டாக்டர், அவள் புருஷனோ நெருங்கிய உறவினரோ பக்கத்திலிருக்கும்போதுதான் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. செஞ்சிப் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் தன்னந்தனியாய் வருகின்ற விதவைக் கிழவி கண்ணைக் காட்ட யாரைக் கூட்டிவருவாள்? செத்துப்போன புருஷனையா?

மூலப் புத்தகமாகிய சரக சம்ஹிதைக்குப் போனால் சங்கதி இன்னும் நன்றாயிருக்கும். அக்கினியை வளர்த்துப் பிராமணர்கள் முன்னிலையில் சிஷ்யனுக்கு உபதேசமாம். அதில், பசுக்களையும் பிராமணர்களையும் முதலாகக் கொண்டு எல்லா உயிர்களின் க்ஷேமத்துக்கும் பிரார்த்திக்க வேண்டுமாம். அரசனுக்கு ஆகாதவனுக்கு வைத்தியம் செய்யக்கூடாதாம். பசுவுக்கும் பிராமணனுக்கும் பின்னால் நிற்கின்ற அந்த 'எல்லா உயிர்' யார் என்று தெரிகின்றதா? நீங்களும் நானுந்தான். ஹிப்போகிரேட்ஸ் பிரமாணம் மாத்திரம் யோக்கியமோ என்றால், அதன் மூலமும் அப்பல்லோ முதலிய கிரேக்க சாமிகள் பேரில் செய்யப்பட்டதே. நமக்கு அந்த ஊர்ச் சாமியும் வேண்டாம். 1948இல் உலக வைத்தியர் சங்கம் ஜெனீவாப் பிரகடனம் என்று ஒன்றை ஏற்படுத்திற்று. அதில் சாமி பேரில் ஆணை கிடையாது. மதம், இனம், கட்சி, அந்தஸ்து எதுவும் நோயாளிக்கும் எனக்கும் நடுவே வராது என்று சொல்லியிருக்கின்றது. புதிய டாக்டர்களுக்கு அது போதாதா?

சரகருடைய புத்தகத்தில் வைத்தியம் படிக்க உரியவர்கள் யார் என்பதும் இருக்கின்றது. பிராமணன், க்ஷத்திரியன், வைசியன் என்று மூன்று பேர். நாலாவது ஆசாமிக்கு இடமில்லை, அதற்கும் வெளியே தள்ளப்பட்டவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1951ஆம் வருஷம் செண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுப்புவாரி உத்தரவைச் செல்லாதென்று அடித்து, அதற்காக அரசியல் சட்டத்தையே முதன்முதலாய்த் திருத்த வேண்டி வந்ததற்குக் காரணமே மருத்துவம், இஞ்சினீரிங் கல்லூரி இடங்கள்தான். மேற்படிப்பில் மாகாணங்கள் விட்டுக்கொடுத்த அகில இந்தியத் தொகுப்பு இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் கிடைத்தது 2021இல். அதற்குக் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உழைத்த சர்க்கார் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு செய்ய மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொல்லவும் ஒரு வழக்கு வேண்டியிருந்தது. 2025 ஜனவரியிலோ, மேற்படிப்பில் அந்தந்த மாகாணத்தில் குடியிருப்பவர் என்பதற்காக இடம் ஒதுக்கக் கூடாதென்று அதே கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பணம் போட்டுக் கல்லூரி கட்டியது இந்த மாகாணத்து ஜனங்கள். பழகக் கண் கொடுப்பதும் இவர்கள்.

இதற்கெல்லாம் அவர்கள் சொல்லுகின்ற காரணம் 'தகுதி'. அந்தத் தகுதியின் லட்சணத்தை 2023ஆம் வருஷம் செப்டம்பரில் பார்த்தோம். முதுநிலை இடங்கள் காலியாய் நின்றதும், நீட் பரீட்சையில் வேண்டிய அளவு என்ன என்று குறைத்தார்கள் தெரியுமா? பூஜ்ய சதமானம்! பரீட்சை எழுதினவர் எல்லோரும் தகுதியானவர்கள். ஏழை கேட்டால் தகுதி குறைகின்றது. தனியார் கல்லூரியில் பணம் கட்டுகின்ற இடம் காலியிருந்தால் தகுதி பூஜ்யத்துக்கு இறங்கிவருகின்றது. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ்.சில் 7.5 சதவீதம் ஒதுக்கித் தமிழ்நாடு 2020இல் சட்டம் செய்தது. அதில் சேர்ந்த கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இனி இந்தக் கண் மேற்படிப்பின் வாசலுக்கு வருகின்ற காலம். அந்த வாசலில் யார் காவல் நிற்கின்றார்கள் என்று பார்த்துக் கொண்டிருக்க வேண்டியது நமது வேலை. ஓலைப்பாக்கம் வீட்டுக் கிழவனுடைய பேச்சு, "கண்ணு பூளை தள்ளுது, கரகரன்னு உறுத்துது" என்று அவன் சொல்லுகின்ற வார்த்தை, அந்த வீட்டில் வளர்ந்த டாக்டருக்கு விளங்குவதுபோல் வேறு யாருக்கு விளங்கும்?

நாம் டாக்டர்களை மாத்திரம் கண்டித்துவிட்டு நம்மவர்களை விட்டுவிடலாமா? நெல் அடிக்கும்போதும், கரும்பு சோகை உரிக்கும்போதும் கண்ணில் உமியோ சோகையோ படுகின்றது. நம் ஊரில் என்ன செய்கின்றார்கள்? நாக்கால் தூசி எடுக்கின்ற கிழவியிடம் போகின்றார்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சுகின்றார்கள். ஏதோ ஒரு பச்சிலையைக் கசக்கிப் பிழிகின்றார்கள். இன்னும் படித்த புத்திசாலி, மருந்துக் கடையில் கேட்டு எரிச்சல் தணிக்கும் சொட்டு மருந்து வாங்கி விடுகின்றான். அதில் ஸ்டீராய்டு சேர்ந்திருந்தால் நோய் நெருப்பில் எண்ணெய் விட்டது போலாகும். பயிரிலிருந்து வந்த பூஞ்சைக் காளான் கருவிழியில் புண்ணாய் ஊறுகின்றது. முதலிரண்டு நாளில் வந்தால் மணிக்கொரு முறை மருந்து விட்டு அநேகமாய்க் காப்பாற்றக் கூடிய கண், பதினைந்து நாள் கழித்து வரும்போது வெள்ளைப் பூவாய் நிற்கின்றது. புதிய டாக்டர், "ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தாய்?" என்று கோபித்துக்கொள்ளுகின்றார். கோபித்துக்கொள்ளட்டும், ஆனால் அறுவடைக் கூலியை விட்டுவிட்டு வரமுடியாதவனை மாத்திரம் கோபித்துக்கொண்டு, அவனுக்குப் பச்சிலை பிழிந்தவனைச் சும்மா விடக்கூடாது.

புரை முற்றட்டும் என்று காத்திருப்பதும் ஒரு பழைய பைத்தியக்காரத்தனம். அந்தக் காலத்து அறுவைக்கு அது வேண்டியிருந்தது, இன்று வேண்டியதில்லை. அளவுக்கு மீறி முற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, உள்ளதும் போய்விடும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று குழந்தையை அப்படியே விட்டு வைக்கின்றார்கள். பார்வை பழகுகின்ற வயது போய்விட்டால் அந்தக் கண் பிறகு பழகாது. குழந்தையின் கண்மணியில் பூனைக் கண்போல் வெள்ளையாய் மின்னினால் அது உயிரையே கொண்டுபோகும் கட்டியாயிருக்கலாம். அதற்கு மந்திரிக்கப் போகின்றவன் குழந்தையைக் கொல்லப் போகின்றவனே. சர்க்கரை நோய்க்காரன் பார்வை நன்றாயிருக்கும்போதே வருஷத்துக்கு ஒரு தரம் விழித்திரையைக் காட்ட வேண்டும். சொந்தம் விட்டுப் போகக் கூடாதென்று மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கட்டி வைக்கின்ற வீடுகளில், மாலைக்கண்ணாய் ஆரம்பித்துப் படிப்படியாய் இருண்டு போகின்ற பரம்பரை நோய் மற்ற வீடுகளைவிட அதிகமாய் வருகின்றது என்பதையும் கல்யாணம் பேசுகின்ற பெரியவர்கள் காதில் போட்டு வைக்கின்றோம். பத்துப் பொருத்தம் பார்க்கின்றவர்கள் இந்தப் பதினோராவதைப் பார்ப்பதில்லை.

கருவிழி வெள்ளையாய்ப் போனவனுக்கு ஒரே வழி இன்னொருவர் கருவிழி. இந்தியாவில் முதல் கண் வங்கி 1945இலேயே நமது எழும்பூரில் டாக்டர் முத்தையாவால் ஏற்பட்டது. இவ்வளவு வருஷமாகியும் கண் கிடைப்பதில்லை. காரணமென்ன? செத்தவன் கண்ணை எடுத்துவிட்டால் அடுத்த ஜன்மத்தில் குருடனாய்ப் பிறப்பானாம்! அப்படியானால் உடம்பையே கொளுத்துகின்றீர்களே, அடுத்த ஜன்மத்தில் உடம்பே இல்லாமல் பிறப்பானா? திண்ணன் கல்லுக்குக் கொடுத்ததாகச் சொல்லுகின்ற கண்ணை நீங்கள் மனிதனுக்குக் கொடுக்கலாம்; அதுவும் உயிரோடு தோண்ட வேண்டியதில்லை. கண்ணாடி போட்டவர், புரை எடுத்தவர், கிழவர் எல்லோரும் கொடுக்கலாம். ஒருவர் கண்ணால் இரண்டு பேர் பார்க்கலாம். அந்த இரண்டு பேர் என்ன ஜாதி என்று கொடுத்தவர் வீட்டில் கேட்க வேண்டியதில்லை. தீட்டுப் பார்க்கின்றவனும் வேறு ஜாதிக் கருவிழியை வேண்டாமென்று சொன்னதாக நாம் கேள்விப்படவில்லை.

வீட்டில் சாவு நேர்ந்தால் புரோகிதருக்கு ஆள் அனுப்புமுன், புதுச்சேரியிலோ பக்கத்திலோ உள்ள கண் வங்கிக்குச் சொல்லி அனுப்புங்கள். 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை செத்தவர் கண்ணை மூடி, இமைமேல் ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வருகின்றவர்களுக்குக் கால் மணி, அரை மணி வேலை; முகம் விகாரப்படாது. அவர்களில் ஒருவர் நாம் மேலே சொன்ன, புதிதாய்ச் சேர்ந்த பயிற்சி டாக்டராயும் இருக்கலாம். நடு ராத்திரியில் வந்து நிற்கின்ற அந்தப் பிள்ளைக்குக் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.